பாலக்காட்டுக் கணவாய்: கொங்கு நாட்டுக்குக் காற்றும் காசும் வந்த வழி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினால் 27. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலுக்கு 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்கள்; அதுவும் போதாமல் கல்லாறு முதல் குன்னூர் வரை வண்டி வழுக்காமலிருக்கப் பல்சக்கரத் தண்டவாளம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு மட்டும் எதுவுமே கிடையாது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தோம் என்பதே தெரியாமல் கேரளத்தில் இறங்கிவிடலாம்.

காரணம் எளிது. அந்த இடத்தில் மலையே இல்லை. தபதி ஆற்றின் தெற்கிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் மலைத்தொடரில் இருக்கும் மிகப் பெரிய இடைவெளி இதுதான். வடக்கே நீலகிரி, அதன் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை, அதன் தொடர்ச்சியில் நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு பெரியவர்களுக்கும் நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை சில நூறு மீட்டருக்குள் தாழ்ந்து கிடக்கிறது. கணவாய் என்றதும் நமக்குப் பாறைகளுக்கு நடுவே குறுகலாக வளைந்துபோகும் பாதைதான் மனதில் வரும். இங்கே நெல் வயலும் தென்னந்தோப்பும் நகரங்களும் உள்ளன. நடுவில் நின்றால் கணவாய்க்குள் நிற்கிறோம் என்று யாரும் சொன்னால்தான் தெரியும்.

சரி, மலை எங்கே போயிற்று? ஆறு அறுத்திருக்கும் என்று தோன்றும். இந்த வழியாக மேற்கே ஓடும் பாரதப்புழை, இத்தனை அகலமான மலையைத் தனியாக அறுத்தெறியக்கூடிய ஆறு அல்ல. விஷயம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மிகப் பழங்காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமியின் மேலோட்டில் பெரும் பாறைப் பாளங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த கோடு ஒன்று இந்த வழியாகப் போகிறது. நிலவியல் அறிஞர்கள் இதைப் பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சி மண்டலம் என்பார்கள். அப்படி உரசிய இடத்தில் பாறை நொறுங்கிப் பலவீனமாகிவிடும். பின்னால் வந்த மழையும் வெயிலும் ஆறுகளும் பலவீனமான அந்தப் பட்டையை வேகமாகத் தின்றன. இரு பக்கமும் இருந்த உறுதியான பாறை மலையாக நின்றுவிட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்தில் இக்கோடு அங்கேயும் தொடர்ந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அங்கே இருக்கும் கோடுகளில் எது இதன் தொடர்ச்சி என்பதில்தான் இன்னும் அவர்களுக்குள் சண்டை.

காற்று வரும், மழை வராது

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தக் கணவாய் முதலில் அறிமுகமாவது காற்றாகத்தான். வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும். பல்லடம், உடுமலை பக்கம் தென்னை மரங்கள் கிழக்கே சாய்ந்தே வளர்ந்த மாதிரி தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை யார் முதலில் சொன்னார்களோ, அவர் குண்டடம் பக்கத்து ஆளாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கோடையில் இந்தியாவின் நிலப்பரப்பு சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று இலேசாகி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையோரம் வந்ததும் எதிரே மலைச்சுவர். சுவரில் ஒரே இடத்தில் அகலமான திறப்பு இருந்தால் காற்று அங்கே குவியும். குவிந்தால் வேகம் கூடும். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்தில் நடந்தால் வெளியில் இல்லாத காற்று அங்கே முகத்தில் அடிக்குமே, அதே கணக்கு.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ஈரக்காற்று நேராகக் கோவைக்குள் வருகிறது என்றால் மழையும் கொட்ட வேண்டாமா? பாலக்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. கோவையில் 600, 700. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. ஆடி மாதம் முழுக்க வானம் மூடிக் கிடக்கும், சாரல் தூறும், வேட்டி காயாது, ஆனால் கிணறு நிறையாது.

மழை பெய்ய ஈரம் மட்டும் போதாது. காற்று மேலே ஏற வேண்டும். ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிர ஈரம் துளியாகும். மலையில் மோதும் காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஆனைமலை உச்சியிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருக்கிறது. கணவாய்க்குள் நுழையும் காற்றை யாரும் ஏறச் சொல்வதில்லை. அது ஈரத்தை வைத்துக்கொண்டே நேராக வந்து, கிழக்கே சமவெளி விரிந்ததும் தானும் விரிந்து, சூடேறி, காய்ந்துபோகிறது. மேற்கே ஆனைமலை அடிவாரத்தில் பாக்கும் தென்னையும். கிழக்கே போகப் போக நிலம் வறண்டு, காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்ளைவேலமும் முளைக்கும் அந்த மேய்ச்சல் நிலம் இல்லாமல் காங்கேயம் காளை இல்லை. ஒரே காற்று, ஒரே நாள் பயணத்தில் இவ்வளவு வித்தியாசம்.

காற்று ஒரு பக்கமே போகும் என்றும் நினைக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கிழக்குக் காற்று இதே வழியாகக் கேரளத்துக்குள் போகிறது. கோடையில் கேரளத்திலேயே அதிகம் கொதிக்கும் ஊர்களில் பாலக்காடும் ஒன்று. நாம் அவர்களுடைய குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு நம்முடைய வறட்சியை அனுப்பி வைக்கிறோம். அங்கே வயல் வரப்புகளில் நிற்கும் பனைமரங்களைப் பார்த்தால் கேரளம் என்றே தோன்றாது.

தண்ணீரும் அப்படித்தான். நொய்யலும் பவானியும் அமராவதியும் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. ஆனால் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஓடும் ஆழியாறு, மலைக்குக் கிழக்கே இருந்துகொண்டே மேற்கு நோக்கித் திரும்பி, கணவாய் வழியாகப் பாரதப்புழையில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக இரு மாநிலங்களும் 1970இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துக்கு விட வேண்டும். வறட்சி ஆண்டுகளில் பொள்ளாச்சிப் பேப்பர்களில் மணக்கடவு என்ற பெயர் ஏன் அடிக்கடி அடிபடுகிறது என்று புரிந்திருக்கும்.

வெள்ளலூரில் ரோம் நாட்டு வெள்ளி

காற்றுக்குத் திறந்த வழி வணிகனுக்கும் திறந்ததுதான். கொங்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1842இல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் மண்ணுக்கடியிலிருந்து 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காலத்தவை, அதாவது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. 1891இல் அதே ஊரில் இன்னொரு குவியல். பொள்ளாச்சியிலும் கரூரிலும் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் ரோமானியக் காசுக் குவியல்கள் நிறையக் கிடைத்த வட்டாரங்களில் கோவை வட்டாரம் முன் வரிசையில் நிற்கிறது. இத்தனைக்கும் கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். (இன்று வெள்ளலூர் என்றால் கோவைக்காரருக்கு நினைவு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. காலம் இப்படியும் செய்யும்.)

துறைமுகம் இல்லாத இடத்தில் வெளிநாட்டுப் பணம் ஏன்? அன்றைய கப்பல் வழியைப் பார்த்தால் விளங்கும். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கிளம்பும் கப்பல்கள், மேலே சொன்ன அதே தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நேராக மலபார்க் கரைக்கு வந்தன. முசிறி அவர்களுடைய பெரிய துறை. மிளகு அங்கேயே கிடைத்துவிடும். கிழக்குக் கரைச் சரக்கும் வேண்டுமென்றால்? கன்னியாகுமரியைச் சுற்ற வேண்டும். அதற்கப்புறம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கடல் ஆழமே இல்லை, பெரிய கப்பல் தரைதட்டிவிடும். இலங்கையையும் சேர்த்துச் சுற்றினால் நாட்கள் போய்விடும், திரும்பும் காற்றைத் தவறவிட்டால் ஒரு வருடமே போய்விடும். அதைவிடச் சரக்கை மாட்டின் முதுகிலும் வண்டியிலும் ஏற்றி, ஏற்றமில்லாத இந்தக் கணவாய் வழியாகத் தரையில் கொண்டுவந்து சேர்ப்பது சுலபம்.

கணவாயைத் தாண்டியதும் வழி நொய்யல் கரையைப் பிடித்துக்கொள்ளும். பேரூர், வெள்ளலூர், சூலூர், பிறகு கொடுமணல், அப்புறம் சேரர் தலைநகரான கரூர். இந்த வரிசையில் பழைய பொருள் கிடைக்காத ஊரைத் தேடுவதுதான் கஷ்டம்.

இதில் கொடுமணல் தனிக் கதை. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் சிறிய ஊர். 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. பெயரெழுதி வைத்த பானைகள்! அரசன் பெயர் அல்ல, சாதாரண ஆட்களின் பெயர்கள். கூடவே கல்மணி செய்யும் பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும். பளிங்கு, சூதுபவளம், நீலம், பெரில் எனப் பலவகைக் கற்களை இங்கே வெட்டி, தேய்த்து, துளையிட்டிருக்கிறார்கள். பாதி துளையிட்டு உடைந்துபோன மணிகளும் குப்பையில் கிடைத்ததால்தான் இது வாங்கி விற்ற சந்தை மட்டுமல்ல, செய்த இடமும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பதிற்றுப்பத்தில் வரும் ‘கொடுமணம்’ இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்; அங்கே செய்த அரிய கலங்களை அந்தப் பாட்டு புகழ்கிறது.

பெரில் என்பது கடல்நீர் நிறத்தில் பளபளக்கும் கல். காங்கேயத்துக்கு அருகே படியூரில் அது கிடைத்தது. ரோமானியப் பெண்களுக்கு அதன் மேல் பெரிய மோகம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிதாகத்தான் கிடைக்கிறது என்று எழுதிவைத்தார். அதே ஆள்தான் இன்னோரிடத்தில், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (அவர்கள் நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று புலம்பினார். இறக்குமதி கூடினால் பணம் வெளியே போகிறது என்று இன்றைக்கும் தலையங்கம் எழுதுகிறார்களே, அதேதான்.

அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் வெள்ளலூர் மண்ணுக்குள் கிடந்தது என்று நான் நினைக்கிறேன். முசிறி மிளகு வாங்கும் இடம். கப்பலில் வந்த வெள்ளி கைமாறிக் கைமாறி உள்நாட்டுக்குள் வந்தது, கல் விற்றவர்களிடமும் வழியில் இருந்த வணிகர்களிடமும் தங்கிவிட்டது. வங்கியில்லாத காலத்தில் பானையில் போட்டுப் புதைப்பதுதான் சேமிப்பு. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்காததால் நமக்குக் கிடைத்தது.

ரோமானியர்கள் போனபின்பும் வழி மூடவில்லை. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே ஒரு பாறையில், தமிழ் எழுத்திலும் பழைய வட்டெழுத்திலும் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. சோழர் காலத்து அந்தக் கல்வெட்டு இந்தச் சாலையை ‘இராசகேசரிப் பெருவழி’ என்கிறது. இன்று நெடுஞ்சாலைத் துறை நடும் பச்சைப் பலகைக்கு மூத்த உறவு. வட்டெழுத்தில் ஏன் எழுதினார்கள்? மேற்கே சேர நாட்டிலிருந்து வருபவர்கள் படிக்கும் எழுத்து அதுதான்.

படை, ரயில், பஞ்சாலை

வண்டி போகும் வழியில் பீரங்கியும் போகும். மைசூரின் ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியது இதற்காகத்தான்: அந்தக் கோட்டை கையிலிருந்தால் மலபாருக்கும் கோவைக்கும் இடையே யார் போவது என்பதை அவர் தீர்மானிப்பார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அது தெரிந்திருந்தது. 1783இல் அதைப் பிடித்தார்கள், விட்டார்கள், 1790இல் மறுபடி பிடித்தார்கள். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவை கம்பெனி வசமானது.

ரயில் பொறியாளர்கள் வந்தபோது அவர்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்க வேண்டும், மலை ஏறக்கூடாது என்றால் வழி ஒன்றுதான். 1862இல் சென்னையிலிருந்து மலபார்க் கரையிலுள்ள பேப்பூர் வரை ரயில் ஓடியது. அந்தப் பாதை கோயம்புத்தூருக்குள் நுழையவில்லை! இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர், அங்கிருந்து வாளையார். கடலுக்கும் கடலுக்கும் கோடு போட்டவர்களுக்கு இந்த ஊர் சற்றுத் தள்ளிக் கிடந்தது. 1873இல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் வந்தது; அதுவும் நீலகிரிக்குப் போகும் வழியில் இருந்த புண்ணியத்தால். போத்தனூர் மாதிரி ஒரு அமைதியான இடத்தில் அவ்வளவு பெரிய பழைய ரயில் நிலையமும் ரயில்வே குடியிருப்பும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பஞ்சாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணவாய்க் காற்றின் ஈரத்தால் நூல் அறுந்துபோகாது, அதனால்தான் கோவையில் மில்கள் வந்தன என்று எல்லோரும் சொல்வார்கள். ஈரக்காற்று நூற்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் காற்று எப்போதும் இருந்தது. முதல் மில்லை ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது 1888இல். மில்கள் கூட்டமாக முளைத்தது 1930களில், பைக்காரா மின்சாரம் வந்தபின். கிழக்கே கரிசல் மண்ணில் பருத்தி, வாசலில் ரயில், மலையிலிருந்து மலிவு மின்சாரம். இவை சேர்ந்தபோதுதான் காற்றுக்கும் மதிப்பு வந்தது. பெருமை முழுவதையும் காற்றுக்கே கொடுத்தால் பருத்தி விளைவித்த குடியானவரையும் மில்லில் நின்ற தொழிலாளியையும் மறந்துவிடுவோம்.

அந்தக் காற்று பிற்பாடு வேறு விதத்தில் மில்லுக்கு உழைக்க வந்தது. 1990களில் பல்லடம், உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் எழுந்தன. பலவற்றின் சொந்தக்காரர்கள் பஞ்சாலைகளே. ஆடியில் தன் காற்றாலையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் ஏற்றிவிட்டு, தன் மில்லில் இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என நான்கு கணவாய்களை நம்பி நிற்கிறது.

தாண்ட முடியாதவை

கிழக்கு மேற்காகப் போகும் மனிதனுக்கு இது வழி. வடக்கு தெற்காகப் போக நினைக்கும் மலை உயிருக்கு இதுவே பெரிய அகழி. சோலைக்காட்டின் குளிரில் வாழப் பழகிய சிறு பறவையால் 30 கிலோமீட்டர் வெயில் சமவெளியைப் பறந்து கடக்க முடியாது. நீலகிரியின் சோலைகளில் ஒரு வகைச் சிரிப்பான் பறவை வாழ்கிறது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வது வேறு இனம். ஒரே முன்னோரிடமிருந்து வந்து, நடுவில் மலை இல்லாததால் பிரிந்துபோனவை. யானைகளின் மரபணுவை ஆராய்ந்தபோதுகூட, நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலைப் பக்கத்து யானைகளும் தனித்தனிக் கூட்டமாக இருப்பது தெரிந்தது. யானை ஒரே இரவில் எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

இந்த யானைகளுக்கு இன்றைய பெரிய ஆபத்து அந்த 1862ஆம் ஆண்டுப் பாதைதான். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரண்டு தண்டவாளங்கள் தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. பி லைன் என்று சொல்லும் ஒன்று காட்டுக்குள்ளேயே புகுந்து போகிறது. மலையடிவாரத்தில் நடமாடும் யானைகள் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் இதைத் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. அதற்குப் பிறகு ரயில்வே தண்டவாளத்துக்கு அடியில் யானை போக இரண்டு வழிகளைக் கட்டியது. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. கோபுரங்களில் வைத்த கேமராக்கள் இருட்டிலும் உடல் சூட்டைக் கொண்டு யானையை அடையாளம் காண்கின்றன. தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகிறது. இப்போது கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் ஏறினால் வலது பக்க சன்னலில் உட்காருங்கள். மலை அந்தப் பக்கம்தான் தண்டவாளத்தை ஒட்டி வரும்; இடது பக்கம் ஆனைமலை வெகு தூரத்தில் நீலமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் கணவாயின் அகலம்.